கண்டுக்காத மூஞ்சி மீம்கள்: பண்டிகை, லீவு நாட்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பத்திரிகை, ஃபிளெக்ஸ், போட்டோ வேலை எடுத்துச் செய்யும் கடை ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். தீபாவளி, பொங்கல், ஆடித் திருவிழா, மே மாத லீவு என்று ஏதாவது வந்துவிட்டால் போதும், காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்தவர்கூட போனை நீட்டி, "தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு ஸ்டிக்கரைக் காட்டுகிறார். சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலும் எழுதி வைக்கிறேன்.

கண்டுக்காத மூஞ்சி மீம்னா என்னங்க? எல்லா மீமும் அப்படித்தானே இருக்கு?

இல்லை. பெரும்பாலான மீம்களில் முகம் எதையாவது செய்யும். அழும், அலறும், விழுந்து விழுந்து சிரிக்கும். இதில் முகம் ஒன்றும் செய்யாது. சுற்றி அமளி நடந்துகொண்டிருக்கும், நடுவில் ஒருவரோ ஒரு பிராணியோ சும்மா இருக்கும்.

எழுத்தும் குறைவுதான். மேல் வரியில் "அத்தை: இந்தத் தீபாவளிக்காவது பொண்ணு பாத்தாச்சா?" என்று இருக்கும். கீழ் வரியில் "நான்:" என்று போட்டு, அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இருக்காது, படம் மட்டும்தான். படத்தில் ஒருவர் எங்கோ பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருப்பார். சிரிப்பு வருவது அந்தக் காலி இடத்தில்தான். அங்கே ஒரு பதிலை எழுதிவிட்டால் அது சாதாரண ஜோக்.

இது எங்கேர்ந்து வந்துச்சு? நம்மூர் சமாச்சாரமா, வெளிநாட்டு சமாச்சாரமா?

மீம் என்ற பெயரை 1976-இல் உண்டாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர். அவர் சொன்னது பழக்கவழக்கங்களும் எண்ணங்களும் ஆளுக்கு ஆள் தொற்றிப் பரவுவதைப் பற்றி. வாட்ஸ்அப் படங்களைப் பற்றி அவர் அன்றைக்கு நினைத்திருக்க வாய்ப்பில்லை.

கண்டுக்காத வகையில் வெளிநாட்டுப் பெரிய பெயர் என்றால் சில் கை (Chill Guy), அதாவது அலட்டிக்கொள்ளாத ஆள். சாம்பல் நிற ஸ்வெட்டர், நீல ஜீன்ஸ், சிவப்பு ஷூ போட்டு, பாக்கெட்டில் கைவிட்டு நிற்கும் பழுப்பு நாய். பிலிப் பேங்க்ஸ் என்ற ஓவியர் 2023 அக்டோபரில் வரைந்து வெளியிட்டார். ஒரு வருடம் சும்மா கிடந்து, 2024 நவம்பரில் டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. அங்கே அது பண்டிகை சீசன் ஆரம்பிக்கும் நேரம். நமக்கு டிக்டாக் 2020-லேயே தடை செய்யப்பட்டதால், ரீல்ஸ் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னால் 2012-இல் வந்த சிடுசிடு பூனையை நினைவிருக்கலாம். அதன் பெயர் டார்டர் சாஸ். அதற்குக் கோபமெல்லாம் ஒன்றுமில்லை, பிறவியிலேயே தாடை அமைப்பு அப்படி. 2019-இல் இறந்துபோனது.

நம்மூரில் இந்த மனநிலை படத்துக்கு முன்பே இருந்ததுதான். 2019 மே மாதக் கடைசியில் நாடே புதிய அரசின் பதவியேற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டில் பாதிப் பேர் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேசமணி 2001-இல் வந்த ஒரு படத்தில் வடிவேலு செய்த பாத்திரம். ஊர் ஒரு பக்கம் ஓட, நாம் சம்பந்தமில்லாமல் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருப்பது நமக்குப் பழக்கமான வேலைதான்.

வடிவேலு இல்லாம ஒரு மீம்கூட பண்ண முடியாதா?

மற்ற மீம்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பது உண்மை. ஆனால் கண்டுக்காத வகைக்கு அவர் அவ்வளவு பொருந்த மாட்டார் என்பது என் கருத்து. அவர் முகத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு உணர்ச்சி பொங்கி நிற்கும். கவுண்டமணியின் சலித்த பார்வை கொஞ்சம் கிட்டே வரும், ஆனால் அதில் எதிராளியை அடிக்கும் தொனி கலந்திருக்கும்.

பிராணிகள்தான் இதற்குச் சரி. எனக்குப் பிடித்தது நம் ஏற்காட்டுக் காட்டெருமை. பனிமூட்டத்தில் ரோட்டுக்குக் குறுக்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் கார்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். அது திரும்பிக்கூடப் பார்க்காது. காலில் முட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நிறம் வேறு. அந்தப் படத்தின் மேல் "திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார் மேனேஜர்" என்று போட்டால் வேறெதுவும் தேவையில்லை. படத்துக்காக யாரும் கிட்டே போகாதீர்கள். நன்றாக வளர்ந்த ஆண் மாடு ஆயிரம் கிலோவைத் தொடும், அது எப்போது கண்டுகொள்ளும் என்று சொல்ல முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கும்கூட.

ஏன் லீவு நாள்லதான் இது இவ்வளவு வருது? சாதா நாள்ல காணோமே?

சாதா நாளில் யாரும் உங்களிடம் சந்தோஷத்தைக் கணக்குக் கேட்பதில்லை. பண்டிகை நாளில் கேட்பார்கள். புதுத் துணி எங்கே, எங்கே போனீர்கள், போனஸ் எவ்வளவு, வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா, கல்யாணம் எப்போது என்று காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும். எதற்கும் கோபமாகப் பதில் சொல்ல முடியாது, நல்ல நாள். உண்மையைச் சொன்னால் பேச்சு வளரும். அந்த நெருக்கடிக்குப் பிறந்ததுதான் இந்த முகம்.

இன்னொன்று, அடுத்தவர் படங்கள். மே மாதம் கோடை விழா சமயத்தில் பாருங்கள். சேலத்தில் பாதிப் பேர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் இருப்பார்கள். லேடீஸ் சீட்டில் ஒரு படம், படகில் ஒரு படம், பகோடா பாயின்ட்டில் ஒரு படம், மிளகாய் பஜ்ஜியோடு ஒரு படம். கீழே சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் வெயிலில் வண்டியோடு நின்றுகொண்டு இதையெல்லாம் பார்ப்பவன் என்ன செய்வான்? பொறாமை என்று காட்டிக்கொள்ளவும் முடியாது, "சூப்பர்" என்று போடவும் மனது வராது. ஒரு காட்டெருமையை அனுப்புவான்.

மழை லீவு மீமும் இதுல சேருமா?

பாதி சேரும். கலெக்டர் லீவு அறிவிப்பாரா என்று ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் கண்டுக்காத ஆள் இல்லை, ரொம்பவே கண்டுக்கிற ஆள். பக்கத்து மாவட்டத்துக்கெல்லாம் லீவு, நமக்கு மட்டும் வெயில் அடிக்கிறது என்று தெரிந்த பிறகு, பையை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வருமே, அதுதான் இந்த வகை.

எங்க பையன் அவங்க பெரியப்பாவுக்கு இதை அனுப்பிட்டான். திமிருதானே?

திமிராகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் அப்படி நினைக்காவிட்டாலும். இந்த மீம் சமவயதுக்காரர்களுக்குள் ஓடும் சரக்கு. மச்சானுக்கும் மச்சானுக்கும், அண்ணிக்கும் நாத்தனாருக்கும், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்கும் சரி. பெரியப்பாவுக்கு ஸ்டிக்கர் என்றாலே வணக்கம், காலை வணக்கம், விளக்கு, கோலம், பிள்ளையார். அவர் "பொங்கலுக்கு எப்ப வர்றீங்க?" என்று ஆசையாகக் கேட்டதற்குச் சுவரை வெறிக்கும் குரங்கு பதிலாக வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

பையனைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. போனைப் போட்டு, "பெரியப்பா, டிக்கெட் இன்னும் கிடைக்கலை, அதுக்குத்தான் அப்படி அனுப்பினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். போன் வந்துவிட்டால் பெரியவர்கள் ஸ்டிக்கரை மறந்துவிடுவார்கள்.

பொண்ணு பெங்களூர்ல இருக்கா. தீபாவளிக்கு வரல, ஸ்டிக்கர் மட்டும் அனுப்பறா. மனசு சரியில்லையோன்னு பயமா இருக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு ஸ்டிக்கரை வைத்து மனநிலையைக் கணிக்க முடியாது. லீவு கிடைக்காத எரிச்சலைச் சிரிப்பாக்கி அனுப்பியிருக்கலாம், பஸ் டிக்கெட் விலையைப் பார்த்து நொந்து அனுப்பியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான்.

ஸ்டிக்கரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். முன்பு வளவளவென்று பேசியவள் இப்போது எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் மட்டும்தான் அனுப்புகிறாளா? போன் எடுப்பதில்லையா? தூக்கம், சாப்பாடு எப்படி இருக்கிறது? பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் காட்டுவதில்லையா? இவை வாரக்கணக்கில் நீடித்தால் அது மீம் விஷயம் இல்லை. குரூப்பில் கேட்காமல் தனியாக, சாயங்காலம், வேலை முடிந்த நேரத்தில் போன் செய்யுங்கள். "ஏன் வரல" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியா கண்ணு" என்று ஆரம்பியுங்கள். பேச்சில் கஷ்டம் தெரிந்தால் மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நாய் ஒண்ணு தீக்குள்ள உக்காந்து காபி குடிக்குதே, அதுவும் இதுதானா?

பார்க்க அப்படி இருக்கும், ஆனால் வேறு. அது கே.சி.கிரீன் என்ற அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் 2013-இல் வரைந்தது. வீடு எரிகிறது, நாய் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. மூலப் படத்தில் கடைசியில் அந்த நாயும் உருகிப்போகும். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்புவதால் அது தெரிவதில்லை.

நாய்க்குத் தீ தெரிகிறது, தெரியாத மாதிரி நடிக்கிறது. காட்டெருமைக்கு முன்னால் தீயே இல்லை, ஹாரன் சத்தம் மட்டும்தான். கடன் தவணை நெருங்கும்போது புதுத் துணி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நாய் படம் பொருந்தும். அத்தையின் கல்யாணக் கேள்விக்குக் காட்டெருமை போதும்.

கல்லு மூஞ்சி ஒண்ணு அனுப்பறாங்களே, அது சாமியா?

சாமி இல்லை. 2010-இல் யூனிகோடில் சேர்ந்த எமோஜி அது. டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல் சிலையின் பெயர் அதற்கு. அந்தச் சிலையே ஈஸ்டர் தீவின் பெரிய கல் முகங்களின் சாயலில் செய்தது. இளசுகள் "எனக்கு ஒண்ணும் தோணலை" என்பதற்கு அனுப்புகிறார்கள். எங்கள் சித்தி ஒருவர் அதைக் குலதெய்வம் என்று நினைத்து ஆடி வெள்ளிக்கு எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். யாரும் திருத்தவில்லை.

உண்மையிலேயே கண்டுக்கலேன்னா எதுக்கு அனுப்பணும்? பேசாம இருக்கலாமே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான். ஒன்றும் தோன்றாதவன் ஒன்றும் அனுப்ப மாட்டான். உட்கார்ந்து தேடி, நூறு ஸ்டிக்கர் தள்ளி, சரியான முகத்தை எடுத்து அனுப்புகிறான் என்றால் கேள்வி அவனைத் தொட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அதில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. "நீ கேட்டது காதில் விழுந்தது, நானும் இங்கேதான் இருக்கிறேன், ஆனால் இதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் சொல்ல வேறு நல்ல வழி இல்லை. வாயால் சொன்னால் சண்டை. பேசாமல் இருந்தால் மனத்தாங்கல். இரண்டுக்கும் நடுவில் இது.

ப்ளூ டிக் விழுந்தும் பதில் போடாம இருக்கறதும் இதுவும் ஒண்ணுதானே?

முந்தைய பதிலைப் பாருங்கள், நேர் எதிர். ப்ளூ டிக் 2014 நவம்பரில் வந்ததிலிருந்தே நம் குடும்பங்களில் பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம். அதை செட்டிங்ஸில் அணைத்து வைக்கலாம். ஆனால் அப்போது மற்றவர் படித்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது. அதோடு அந்த வசதி தனி அரட்டைக்கு மட்டும்தான். குரூப்பில் யார் படித்தார் என்று மெசேஜை அனுப்பியவர் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் குடும்ப குரூப்பில் "நான் பாக்கவே இல்ல அத்தை" என்று சொல்லாதீர்கள்.

அப்ப குரூப்பை விட்டே வெளிய வந்துட்டா?

2022 ஆகஸ்ட் முதல், வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் சமீபத்தில் வெளியேறியவர்கள் பட்டியலை யார் வேண்டுமானாலும் 60 நாள் வரை பார்க்கலாம். உங்கள் குரூப் அட்மின் பெரிய மாமாவாக இருந்தால் அந்த 60 நாளும் தேவையில்லை, அன்றைக்கே சீலநாயக்கன்பட்டி வரை செய்தி போய்விடும். மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். பண்டிகை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

நானே ஒரு ஸ்டிக்கர் பண்ணணும். எப்படிங்க?

இப்போது வாட்ஸ்அப்பிலேயே ஸ்டிக்கர் பகுதியில் உருவாக்கும் வசதி இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்தால் பின்னணியை அதுவே வெட்டிவிடும். தனியாக டிசைன் செய்வதானால் 512-க்கு 512 பிக்சல், வெப்பி (WebP) ஃபார்மேட், அசையாத படம் என்றால் 100 கேபிக்குள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு கொடுங்கள், இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் காட்டெருமை காணாமல் போய்விடும்.

முகம் பெரிதாக இருக்க வேண்டும். எழுத்து வேண்டும் என்றால் இரண்டு சொல், அதற்கு மேல் போனில் படிக்க முடியாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைச் சுற்றிப் பூ, பட்டாசு, "ஹேப்பி தீபாவளி" எல்லாம் போடச் சொல்கிறார்கள். போட்டால் அது வாழ்த்து அட்டை ஆகிவிடும். பண்டிகையைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும் என்றால், தலைக்கு எண்ணெய் வைத்து நெற்றியில் வழிய வெறித்துப் பார்க்கும் ஒரு முகம் போதும்.

எங்க மாமா மூஞ்சியவே ஸ்டிக்கர் ஆக்கிட்டோம். வண்டி வேடிக்கை பாக்கறப்ப எடுத்தது. தப்பா?

சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கும்போது சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும், ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் மாமா மட்டும் தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டு வேறு திசையில் பார்த்திருக்கிறார். எனக்கும் அனுப்பினீர்கள். முதல்தரமான படம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவரிடம் காட்டிவிட்டீர்களா? அவரே சிரித்து ஃபார்வர்டு செய்தால் பிரச்சினை இல்லை. ஸ்டிக்கர் உங்கள் குரூப்போடு நிற்காது. யார் வேண்டுமானாலும் சேமித்து வேறு குரூப்பில் போடலாம், பிறகு திரும்பப் பெற வழியே கிடையாது. மாமா வேலை பார்க்கும் இடத்து குரூப்பில் ஒரு நாள் வந்து நிற்கும். குழந்தைகள் முகத்தையும், தூங்குகிறவர்கள், குடித்திருப்பவர்கள் முகத்தையும் எடுத்து வந்தால் நான் செய்து தருவதில்லை.

கடை தீபாவளி ஆஃபர் பேனர்ல இந்த மீமைப் போடலாமா? எல்லாரும் போடறாங்களே.

எல்லோரும் போடுகிறார்கள் என்பது உண்மை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வியாபார விளம்பரம் அதில் வராது. நடிகர் முகம் என்றால் இன்னொரு சிக்கல். அனில் கபூர் தொடர்ந்த வழக்கில் 2023 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அவர் பெயர், குரல், உருவத்தை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. மேலே சொன்ன சில் கை நாயை வரைந்தவரும் 2024-இல் அது வைரல் ஆனவுடன், காசு பண்ணுகிறவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பேன் என்று அறிவித்தார்.

நீங்களே எடுத்த படமோ, எங்களைப் போன்றவர்களிடம் சொல்லி வரைந்த படமோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கொலுசுக் கடை ஒன்றுக்கு ஒரு பூனை வரைந்து கொடுத்தேன். காலில் வெள்ளிக் கொலுசு, முகத்தில் ஒன்றும் இல்லை.

லீவு போட்டோவுக்கு கிண்டலா எதாவது எழுதினா போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆன கதை உண்டு. மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்த படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போனதாகத் தலைப்பும் கொடுத்தார். அவர் ஒரு இடதுசாரிக் கட்சியின் நிர்வாகி. போலீஸ் வழக்கே பதிந்துவிட்டது. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். சிரிப்பதைக் குடிமக்களின் கடமையாகவே அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமோ என்கிற ரீதியில் போகும் தீர்ப்பு, படிக்கவே சுவாரசியமாக இருக்கும்.

ஆன்லைனில் எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே கைது செய்யலாம் என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் உச்சநீதிமன்றம் 2015-இல் நீக்கிவிட்டது. அதற்காக எதையும் போடலாம் என்று இல்லை. அவதூறு, சாதி மதச் சண்டையைக் கிளப்புவது எல்லாம் இன்னும் குற்றம்தான். காட்டெருமைக்கு ஆபத்தில்லை.

எந்தச் சமயத்துல அனுப்பவே கூடாது?

சாவு, ஆஸ்பத்திரி, வேலை போனது, கடன் கேட்பது. பண்டிகை நாளாக இருந்தாலும் அனுப்பக் கூடாது. தங்கச்சி புதுத் துணி படம் அனுப்பி "நல்லாருக்கா?" என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

எனக்கே ஒருத்தர் அனுப்பிட்டாரு. நான் என்ன பதில் போடறது?

ஒன்றும் போடாதீர்கள். "ஏன் இப்படி அனுப்பினே?" என்று கேட்டால் நீங்கள் அத்தை ஆகிவிடுவீர்கள். பதிலுக்கு இன்னொரு கண்டுக்காத முகத்தை அனுப்பினால் ராத்திரி பதினொன்று வரை அதுவே ஓடும், சேலத்தில் சிலருக்கு அதுதான் தீபாவளிப் பொழுதுபோக்கு. கை சும்மா இருக்காது என்றால் அந்த ஸ்டிக்கர் மேலேயே அழுத்தி ஒரு சிரிப்பை வைத்துவிட்டு, அடுத்த விஷயத்தைக் கேளுங்கள். மதியம் என்ன சாப்பாடு, பலகாரம் கொடுத்துவிட யார் வருவது, மேட்டூருக்கு நாளைக்குப் போகலாமா, இந்த மாதிரி. இதற்கு அவர் ஒழுங்காகப் பதில் போடுவார்.